வாசகர் கேள்வி – பதில்: பயப்படுகிற நாளில்

இந்த மாதம் சேலம் நகரத்திலிருந்தும் சேர்வராயன் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வரப்போகிற காலத்தைப் பற்றிய பயத்தையே பேசுகின்றன. அவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஏற்காட்டுக்கு அப்பால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். காபி பூப்பதற்கு வேண்டிய பூ மழை காலம் தப்பிப் பெய்வதால் விளைச்சல் குறைந்துவிட்டது. பழம் பறிக்க ஆட்களும் கிடைப்பதில்லை. சொசைட்டியில் நகைக் கடன் நிற்கிறது. சேலத்தில் டிப்ளமோ படிக்கும் மகன் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான். நடு இரவில் விழிப்பு வந்தால் அதன் பிறகு தூக்கமில்லை. எங்கள் ஜெபக்குழுவிலோ, கவலைப்படுவது அவிசுவாசம், அது பாவம் என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே விசுவாசம் இல்லையா? தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். அது தேவனை நம்பாத செயலாகுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு வட்டம்

பதில்: சகோதரி, கடன் உங்களை வருத்துவது ஒரு பக்கம் இருக்க, கடனை நினைத்துப் பயப்படுவதே குற்றம் என்ற எண்ணம் உங்களை அதைவிட அதிகமாக வருத்துகிறது என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆகவே அந்த இரண்டாவது சுமையை முதலில் இறக்கி வைப்போம்.

உங்கள் ஜெபக்குழுவினர் மலைப்பிரசங்கத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்னது மெய்தான்; அந்த இடத்தில் தம் சீஷர்களை "அற்பவிசுவாசிகளே" என்று அழைத்ததும் மெய்தான். ஆனால் அப்படி அழைக்கப்பட்டவர்களை அவர் தம்மைவிட்டு அனுப்பிவிடவில்லை. அவர்களைத்தான் தம்மோடு கலிலேயா முழுவதும் கூட்டிக்கொண்டு திரிந்தார். கொஞ்சமாக இருக்கிற விசுவாசத்தை இல்லாத விசுவாசம் என்று அவர் கணக்கெழுதியதே இல்லை. மேலும் அந்தப் பகுதி முடிகிற விதத்தைப் பாருங்கள்: "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34). நாளைக்குப் பாடே இராது என்று சொல்லி அவர் யாரையும் தேற்றவில்லை. பாடு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதை இன்றைய பாட்டோடு சேர்த்துச் சுமக்காதிருக்கும்படிதான் சொல்கிறார்.

பவுலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் தேவனுக்குத் தெரியப்படுத்தும்படி பிலிப்பி சபைக்குக் கட்டுகளில் இருந்துகொண்டு எழுதியவர் அவர்தான். கொரிந்து சபைக்கு எழுதும்போது, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" (2 கொரிந்தியர் 11:28) என்று சொன்னவரும் அவர்தான். கவலை வருவதே பாவம் என்றால், அந்த வாக்கியத்தை அவர் மறைத்திருக்க வேண்டும். இதற்கும் மேலாக, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று மூன்று சிநேகிதரிடம் கேட்டார். வரப்போகிறதை நினைத்து வியாகுலப்பட்டதையும், அந்த நேரத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டதையும் அவருடைய பலவீனமாக எந்தச் சபையும் போதிப்பதில்லை. (அந்த மூவரும் தூங்கிவிட்டார்கள். உங்கள் ஜெபக்குழுவினர் விழித்திருந்து உங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். சொல்வதைக் குறைத்துக்கொண்டு கூட உட்கார்ந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.)

வேதத்தில் தைரியம் எப்போது, யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்று தேடிப் பார்த்தால், பயமில்லாதவருக்கு அது கொடுக்கப்பட்டதாக ஓர் இடம்கூட என் நினைவுக்கு வரவில்லை. யோசுவாவின் முதல் அதிகாரத்தில் மோசே இறந்துவிட்டார், முன்னால் யோர்தான் ஆறு, பின்னால் ஒரு ஜனக்கூட்டம். "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று தேவன், மோசேக்குப் பின் தலைவரான யோசுவாவுக்கு ஒருமுறை சொல்லி நிறுத்தவில்லை. ஆறாம், ஏழாம், ஒன்பதாம் வசனங்களில் மூன்றுமுறை சொல்கிறார். நடுக்கம் இல்லாத ஒருவருக்கு இதை மூன்றுமுறை சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நான்காவது முறையாகவும் அந்தச் சொல் வருகிறது. ஆனால் அப்போது பேசுவது தேவன் அல்ல, யோசுவாவோடு ஆற்றைக் கடக்கவேண்டிய மனிதர்கள். தேவன் சொன்ன வார்த்தையே ஜனங்களின் வாயிலிருந்தும் அவருக்கு வரவேண்டியிருந்தது. தாவீதும், பெலிஸ்தர் கையில் அகப்பட்ட காலத்துக்குரியதாகத் தலைப்பிடப்பட்ட சங்கீதத்தில், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) என்கிறார். பயம் தீர்ந்த நாளில் என்று அவர் சொல்லவில்லை. பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் கவலையில் தவறே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. நடு இரவில் படுக்கையில் கிடந்தபடி அடுத்த ஐந்து வருடத்து மழையையும், மகனுடைய கல்யாணத்தையும், உங்கள் முதுமையையும் ஒரே மூச்சில் வாழ்ந்து பார்ப்பது, இன்னும் கொடுக்கப்படாத நாட்களை, அவற்றுக்குரிய பெலன் இல்லாமலேயே வாழ முயல்வதாகும். வனாந்தரத்தில் தேவன் அன்றாடம் கொடுத்த உணவான மன்னாவை இஸ்ரவேலர் மறுநாளுக்கு மீதிவைத்தபோது அது பூச்சிபிடித்து நாறியது என்று யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே அதிகாரம், ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதையும், அது கெடாமல் இருந்ததையும் சொல்கிறது. எனவே சேமிப்பதோ, திட்டமிடுவதோ, காப்பீடு எடுப்பதோ அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அதிகாரத்தைப் பாதியில் மூடிவிட்டார்கள் என்று பொருள்.

இனித் தோட்டம். எரேமியா 32ஆம் அதிகாரத்தை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழப்போகிறது என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்த எரேமியா, அதற்காகவே காவற்சாலை முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய பெரிய தகப்பன் மகன் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்கப்படும் என்பது அதற்குத் தேவன் சொன்ன காரணம். பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாத இரண்டு விஷயங்கள் அந்த அதிகாரத்தில் இருக்கின்றன. சாட்சிகள், தராசு, முத்திரை போட்ட பத்திரம், திறந்த பத்திரம், அவை நெடுநாள் கெடாதிருக்க ஒரு மண்பாண்டம் என்று, தேவனுடைய வார்த்தையை நம்பிச் செய்த காரியத்தில்கூட ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கிற அத்தனை ஒழுங்கும் இருந்தது. அடுத்தது, பத்திரத்தைத் தன் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து முடித்த பிறகுதான் எரேமியா ஜெபத்தில் தன் திகைப்பைச் சொல்கிறார்: நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகப்போகிறது, என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று. திகைப்பு தீர்ந்த பிறகு காரியம் செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த நிலத்தில் அவர் உழுது பயிரிட்டதாகவும் வேதம் சொல்லவில்லை. பின்னாளில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதை வைத்து, விற்காதே என்று தேவன் உங்களுக்குச் சொல்கிறார் என்று நான் எழுதினால் அது அந்த அதிகாரத்துக்குச் செய்யும் அநியாயம். எரேமியா நிலம் வாங்கினார், ஆதிச்சபையில் பர்னபா நிலத்தை விற்றார், இருவரும் விசுவாசிகள். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் அந்தத் தீர்மானத்தை நடு இரவில் எடுக்காதீர்கள். பகலில், கணவரும் மகனும் உடனிருக்க, ஒரு நோட்டில் எழுதுங்கள்: நகைக் கடனில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணைத் தேதி எது, காபி கொடுத்தது எவ்வளவு, மிளகு கொடுத்தது எவ்வளவு. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (லூக்கா 14:28). காபியில் பறிப்பு கார்த்திகைக்கு மேல் தொடங்கி மாசி வரை போகும். ஒரு பருவம் கெட்டதும் அந்த வருத்தத்திலேயே விலை பேசினால், வாங்குகிறவருக்குத்தான் அது நல்லது. அடுத்த பறிப்பு முடியும்வரை பொறுக்க முடியுமா, கடனைப் புதுப்பிக்க முடியுமா, ஒரு பகுதியை மட்டும் குத்தகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். புதிதாக நட்ட காபிச்செடி பலன் தர மூன்று நான்கு வருடங்கள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மிளகை அதிகமாக்குவது பற்றியும் பழைய செடிகளைக் கவாத்து செய்வது பற்றியும் காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மகன் வராவிட்டால் அவனைக் குற்றவாளியாக்காதீர்கள். அவனுக்கும் ஒரு பயம் இருக்கும், அதையும் கேளுங்கள்.

இரவில் விழிப்பு வரும்போது, பொதுவாக "ஆண்டவரே, காப்பாற்றும்" என்பதோடு நிறுத்தாமல், தொகையையும் தேதியையும் சொல்லி ஜெபியுங்கள். விண்ணப்பங்களைத் தெரியப்படுத்துங்கள் என்று பவுல் எழுதியதை அப்படியே செய்து பாருங்கள். அந்தத் தொகைக்குள் அடங்காத எத்தனையோ பயங்களையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது அப்போது தெரியவரும்.

கேள்வி: போன வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்தைப் பர்ஸிலேயே வைத்திருந்தேன். குரூப் 2 தேர்வில் தேறவில்லை. அப்பா அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். தனியார் கம்பெனி சம்பளத்தில் வீடு நடக்காது. அந்த வசனம் எனக்கு உரியதில்லையா?
— ஒரு வாசகர், சூரமங்கலம், சேலம்

பதில்: தம்பி, அட்டையில் இடம் குறைவு. அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. சொந்த ஊரைவிட்டுப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. உங்கள் வசனத்துக்கு முந்திய வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்தவர்கள், ஊர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன ஒரு தீர்க்கதரிசியும் அப்போது இருந்தார். முந்திய அதிகாரத்தில் வரும் அனனியா. இன்று அட்டை அச்சிட்டால் அவருடைய வசனம்தான் அதிகம் விற்கும். அவர் சொன்னது பொய் என்று வேதம் சொல்கிறது.

எரேமியாவோ அந்த மனிதர்களிடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் செய்துகொள்ளுங்கள், நீங்கள் இருக்கிற அந்த அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். காத்திருக்கும் காலத்தை வாழாமல் விட்டுவிடாதீர்கள் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம் என்பது என் வாசிப்பு. அந்த வசனம் உங்களுக்கு உரியதுதான். ஆனால் அது தேர்வாணையத்தின் முடிவைப் பற்றிய தகவல் அல்ல. வருடப் பிறப்பில் வசனம் எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் சபைகளில் எத்தனையோ பேருக்கு அந்த ஒரு வசனம்தான் வருடம் முழுவதும் துணை. எடுத்தவர் அன்றைக்கே அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும் என்று ஒரு பழக்கத்தையும் அதோடு சேர்த்துவிட்டால், உங்களைப் போன்றவர்கள் பாதிக்கப்படுவது குறையும்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று வாலிபரும் உண்டு. சிலையை வணங்காவிட்டால் எரிகிற சூளையில் போடுவேன் என்று மிரட்டிய ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அவர்கள், அடுத்த மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள் (தானியேல் 3:18). முடிவு தெரியாமலே நிற்க முடிந்ததே, அதுதான் தைரியம். நீங்கள் செய்ய வேண்டியது, இன்னும் எத்தனை முறை எழுதுவது என்பதை அப்பாவோடு உட்கார்ந்து இப்போதே தீர்மானிப்பது. ஓய்வூதியமும் உங்கள் சம்பளமும் சேர்ந்தால் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு குறைகிறது என்பதை எழுத்தில் பார்ப்பது. இப்போதிருக்கும் வேலையைத் தற்காலிகம் என்று அலட்சியப்படுத்தாமல், அதிலேயே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தேடுவது. தோற்றதை அப்பாவிடம் முழுவதுமாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால், சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைந்து, கடன் வாங்கி நடத்துகிறார். சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிறார். சபை மூப்பர்கள் அவரை மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு வரச் சொல்கிறார்கள். டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு என்று நினைப்பார்களோ என்று அவர் தயங்குகிறார்.
— ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சகோதரி, உபவாசம் வேண்டுமானால் மூப்பர்கள் இருக்கட்டும், உங்கள் கணவர் சாப்பிட வேண்டும். எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது (1 இராஜாக்கள் 19), தேவன் அனுப்பிய தூதன் ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வியெல்லாம் நாற்பது நாளைக்குப் பிறகு, ஓரேப் மலையில்தான் வந்தது.

இந்த வாரமே அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நெஞ்சுப் படபடப்பு இருதயத்தாலா, மனப்பதற்றத்தாலா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. "இருந்து என்ன பிரயோஜனம்" என்பதைச் சாதாரணப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பட்டறையில் உள்ள அமிலங்களையும் ரசாயனங்களையும் அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை (கொலோசெயர் 4:14) மூப்பர்களிடம் நினைவூட்டினால், அவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு வெளிநாட்டு வேலைக்காக ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்ட இருக்கிறோம். ஆளைப் பார்த்ததும் எதிர்காலத்தைச் சொல்லும் ஊழியர் ஒருவர் இருக்கிறாராம். காணிக்கை கொடுத்து அவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாமா?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம், ஐயா. சீஷர்களே எதிர்காலத்தைக் கேட்டபோது, காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றுதான் உயிர்த்தெழுந்த இயேசு பதில் சொன்னார். அதற்கடுத்த வசனத்தில் அவர்களுக்கு வாக்களித்தது பெலனை (அப்போஸ்தலர் 1:7, 8). அவர்களுக்கே சொல்லப்படாதது காணிக்கைக்குக் கிடைக்கும் என்று எண்ண இடமில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்கள் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் மகனைவிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எண்ணைத் தரத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.